குன்னூர்ப் படங்களுக்குக் கும்பகோணத்துப் பதில்

கும்பகோணம்
மாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள சரசு,

உன் கடிதமும் அதன் பின்னாலேயே போனில் வந்து இறங்கிய பூச்சிப் படங்களும் கிடைத்தன. கடிதம் மட்டும் என்றால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். படங்கள்தான் நேரத்தைத் தின்றுவிட்டன. "ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர் எழுதி அனுப்பு, நோட்டில் ஒட்டி வைக்கணும்" என்று உத்தரவு வேறு. எஸ்டேட் ஆபீசில் காலம் முழுக்கக் கணக்கு எழுதிய கை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் உனக்குச் சோறு இறங்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பல கட்டங்களைக் காலியாகத்தான் விடப்போகிறேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

வீட்டுச் சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண் சித்திரைக்குப் பிறகு. எடுத்த கண்ணால் பார்த்தால் சங்குப்பூ நீலமாக இருக்கிறது, எடுக்காத கண்ணால் பார்த்தால் அதே பூ பழுப்படித்துக் கிடக்கிறது. இத்தனை வருஷம் அந்தப் பழுப்பை நீலம் என்று நம்பிக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்! அவர் நன்றாக இருக்கிறார். மாடியில் நான்கு தொட்டியோடு ஆரம்பித்தவர், இப்போது துணி உலர்த்த இடமில்லாமல் அவரைப் பந்தல் போட்டிருக்கிறார். சின்னவளுக்கு ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று பேச்சு. முடிவானால் முதல் பத்திரிகை உனக்குத்தான். நம் ஹாஸ்டல் வார்டன் அம்மா போன மாதம் தவறிப்போனார். தொண்ணூறு தாண்டியிருக்கும். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தோமே, அதெல்லாம் அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று நீ இன்னமும் நம்புகிறாயா?

சரி, ஈக்கு வருகிறேன்.

எல்லாப் படத்துக்கும் "சின்னத் தேனீ" என்று தலைப்புப் போட்டிருக்கிறாய். அதில் தேனீ ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை சிர்பிட் ஈ. வேளாண்மைக்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். வகுப்பில் நான் பூ ஈ என்று சொல்வேன். அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி இறக்கையடித்துவிட்டு, கண் சிமிட்டும் நேரத்தில் பக்கவாட்டில் பாய்ந்து மறுபடியும் நிற்குமே, அதேதான். கொட்டாது, கடிக்காது. கொட்டுகிற குளவி, தேனீயின் மஞ்சள் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு குருவிகளை ஏய்த்துப் பிழைக்கிற ஜாதி. உலகத்தில் 6,000 இனங்களுக்கு மேல் உண்டு. இந்தியாவில் மட்டும் 300-க்கு மேல்.

உடுப்பே ஏமாற்றுவதற்காகப் போட்டது என்னும்போது, அதை வைத்துப் பெயர் சொல்ல முடியுமா? நீ எழுதிய குறிப்பெல்லாம் நிறம்தான்: "மஞ்சள் கோடு மூன்று", "கொஞ்சம் ஆரஞ்சு". நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் இறக்கை எத்தனை என்று பார். தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி, ஈக்கு ஒரு ஜோடிதான். படத்தில் அது சரியாகத் தெரியாவிட்டால் உணர்கொம்பைப் பார். தேனீக்கு நீளமாக, நடுவில் முழங்கை மடித்தாற்போல் இருக்கும். பூ ஈக்கு முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டை முளை, அதிலிருந்து ஒரு மெல்லிய மயிர். அவ்வளவுதான்.

ஈ என்று முடிவான பிறகு, பூ ஈயா வேறு ஈயா என்று சொல்வதற்கு இறக்கை நரம்புதான் சாட்சி. அதில் இரண்டு விஷயம். ஒன்று, இறக்கையின் வெளி ஓரத்துக்கு இணையாக, கொஞ்சம் உள்ளே தள்ளி, நரம்பே இன்னொரு ஓரம் கட்டியிருக்கும். இரண்டாவது, இறக்கையின் நடுவே நீளவாக்கில் ஒரு பொய் நரம்பு. எந்த நரம்பிலிருந்தும் கிளம்பாமல், எதிலும் போய்ச் சேராமல், முடிச்சுப் போட மறந்த தையல் நூல் மாதிரி பாதியில் நிற்கும். உண்மையில் அது நரம்பே இல்லை, இறக்கைச் சவ்வில் விழுந்த ஒரு தடிப்பு. இந்தக் குடும்பத்தில் மிகச் சிலவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அது உண்டு. வெயில் பின்னாலிருந்து விழுந்தால் போன் படத்திலேயே தெரியும்.

இதை வைத்துப் பார்த்தால் கோயம்புத்தூரில் உன் மகள் வீட்டுத் துளசியில் எடுத்தாயே, "மிக அழகானது" என்று நட்சத்திரம் போட்டு, அது பூ ஈயே இல்லை. பழ ஈ. கொய்யாவையும் மாம்பழத்தையும் உள்ளே புழு வைத்து அழிக்கிற பாக்ட்ரோசெரா. கோபப்படாதே, முதன்முதலாகப் பார்க்கிற எல்லோரும் இடறுகிற இடம் இது. முதுகின் இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை, முதுகின் கடைசியில் மஞ்சள் முக்கோணம், பழுப்பு வயிறு என்று எல்லாம் பூ ஈ மாதிரியே இருக்கும். ஆனால் இறக்கையின் முன் ஓரம் முழுக்கக் கறுப்புக் கரை ஓடுவதைப் பார். நடுவில் பொய் நரம்பு கிடையாது. பெண்ணாக இருந்தால் வயிற்றின் முனை ஊசியாகக் கூர்ந்திருக்கும், முட்டையைப் பழத்துக்குள் செருகுவதற்கு. உன் படத்தில் கூர் இல்லை, ஆண்தான். துளசியில் மெதில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது, அதற்கு இந்த ஆண்கள் அடிமை. பழ ஈக்கு விவசாயிகள் வைக்கிற பொறியிலும் அதே வாசனைதான். உன் மகளின் கொய்யா மரம் காய்த்திருந்தால் இப்போதே காய்களுக்குப் பை கட்டச் சொல்.

அதே வீட்டில் கொத்தமல்லிப் பூவில் எடுத்தது அசல் பூ ஈ, அதற்கு முழுப் பெயரும் தருகிறேன்: இஸ்கியோடான் ஸ்கூடெல்லாரிஸ். சமவெளியில் நீ எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் முதலில் எதிர்ப்படுகிறது இதுவாகத்தான் இருக்கும். முதுகுக் கடைசியில் மஞ்சள் தகடு, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, வயிற்றின் இரண்டாம் வளையத்தில் ஜோடிப் பொட்டு, அதற்கடுத்த வளையங்களில் வளைந்த பட்டை. இதோடு குழப்பக்கூடியது ஸ்பேரோஃபோரியா என்ற இன்னொரு பூ ஈ. அதற்கும் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை உண்டு, ஆனால் உடம்பு ஒல்லி. ஆணுக்கு வயிற்றின் முனை உருண்டையாகத் திரண்டிருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் அடிப்பக்கம் பார்க்கணும். இஸ்கியோடான் ஆணின் பின்னங்காலில், தொடை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும். அடிப்பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்கிறாயா? ஜன்னல் கண்ணாடியில் நடக்கும்போது மறுபக்கம் போய் நின்று எடு.

இந்த ஈக்குப் பெயர் வைத்தவர் ஃபப்ரீசியஸ் என்ற டென்மார்க்காரர், 1805-இல். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கிற முறையைத் தந்த லின்னேயஸின் மாணவர். அதே லின்னேயஸின் இன்னொரு மாணவரான கோனிக் 1768-இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்து, செடியும் பூச்சியுமாகச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஃபப்ரீசியஸின் பக்கங்களில் 'தரங்கம்பாடி' என்ற பெயர் மீண்டும் மீண்டும் வரும். இங்கிருந்து மாயவரம் போய் அடுத்த பஸ் ஏறினால் அந்த ஊர். நாம் கல்லூரிச் சுற்றுலாவில் அந்தக் கோட்டையைப் பார்த்தோம். பூச்சியைப் பற்றி அன்றைக்கு நமக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கடினமான பகுதி. உன் வாசல் புல்லில் எடுத்த அந்தக் கறுப்புப் பொடிகள். "இதுவும் ஈயா, கொசுவா?" என்று கேட்டிருக்கிறாய். அதுவும் பூ ஈதான், பாரகஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். நான்கிலிருந்து ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்தரத்தில் நிற்பதைவிடத் தரையோரப் பூக்களில் குனிந்து குனிந்து மேய்கிற சுபாவம். முகம் மஞ்சள், நடுவில் கறுப்புக் கோடு இருக்கலாம். வயிறு பக்கங்கள் ஒரே அகலமாக வந்து முனையில் கீழ்நோக்கி வளையும். பெரிதாக்கிக் கண்ணைப் பார்: வெள்ளை முடி நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாகத் தெரிகிறதா, அல்லது கண் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கிறதா? அதை வைத்து இரண்டு கிளையாகப் பிரிக்கலாம். முதுகுக் கடைசித் தகட்டின் விளிம்பு ரம்பப் பல்லாக இருந்தால் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். நம் ஊர்ப் பக்கம் அப்படிப் பல் உள்ளவற்றில் ஒன்று பாரகஸ் செர்ரேடஸ். அதற்கு அப்பால்? ஆணின் பிறப்புறுப்பை வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். உன் படத்தில் கண்ணே மங்கல். ஆகவே அந்தக் கட்டத்தில் "பாரகஸ், இனம் தெரியாது" என்று எழுது. எவ்வளவு நல்ல கேமரா வாங்கினாலும் சில படங்களுக்கு அதற்கு மேல் கிடையாது.

உன் பேரன் போனில் ஏதோ ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறானாம், அது இதே படத்துக்கு ஒரு நொடியில் "டாக்ஸோமெரஸ்" என்று சொன்னதாம். டாக்ஸோமெரஸ் அமெரிக்கக் கண்டத்துப் பேரினம், சரசு. அதன் கண்ணின் பின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் பள்ளம் இருக்கும், உன் படத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த ஆப்புக்குப் படம் போட்டுப் பழக்கியவர்களில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதிகம், குன்னூர் கொஞ்சம். அதனால் தனக்குத் தெரிந்த ஊர்க்காரன் பெயரைச் சொல்கிறது. குடும்பம் எது என்று கண்டுபிடிக்க அதைக் கேள், தப்பில்லை. இனப் பெயர் சொன்னால் மட்டும், அந்த இனம் நம் மலையில் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள். பாதி சண்டை அதிலேயே தீரும்.

உன் குன்னூர்ப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று. புல் கதிரில் உட்கார்ந்திருக்கிறதே, ஒல்லியாக, மஞ்சள் பொட்டோடு, "போகஸ் சரியில்லை, அழித்துவிடு" என்று நீ எழுதியது. அதில் முகமும் முதுகுத் தகடும் கறுப்பு என்பது தெளிவாகத் தெரிகிறது. அது போதும், மெலனோஸ்டோமா. பூ ஈக்கள் தேனுக்கும் மகரந்தத்துக்கும் வண்ணப் பூவைத் தேடிப் போகும்போது, இது காற்றில் மகரந்தம் தூவுகிற புல்லையும் கோரையையும் தேடி வரும். அதனால் எதன் மேல் உட்கார்ந்தது என்பதும் அடையாளம்தான். செடியைக் குறித்துவை. அந்தப் படத்தை அழிக்காதே, நீ அனுப்பியதிலேயே உபயோகமான படம் அதுதான்.

அடுத்தது உன் டேலியாவில் எடுத்த ஆரஞ்சு ஈக்கள். கார்த்திகையில் எடுத்தது கறுத்திருக்கிறது, பங்குனியில் எடுத்தது பளிச்சென்று இருக்கிறது, ஆகவே இரண்டு இனம் என்று தனித்தனிக் கட்டம் போட்டுவிட்டாய். இரண்டிலும் மூன்றாம், நான்காம் வளையத்தைப் பார். அகலமான கறுப்புப் பட்டைக்கு மேலே இன்னொரு மெல்லிய கறுப்புக் கோடு, நடுவில் கொஞ்சம் அறுந்தாற்போல். இந்த இரட்டைக் கோடு எபிசிர்பஸின் முத்திரை. கூட்டுப்புழுவாக இருந்த நாட்களில் குளிர் அதிகம் என்றால் ஈ கறுத்துப் பிறக்கும், வெதுவெதுப்பு என்றால் ஆரஞ்சு ஏறும். உன் ஊர்க் குளிர் சாயம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். பேரினம் இது என்று உறுதி. பால்டியேடஸ் என்ற இனமா, அதன் நெருங்கிய சொந்தமா என்பதில் மட்டும் நான் பென்சிலால்தான் எழுதுவேன். அந்தப் பால்டியேடஸ் இங்கிலாந்திலும் இருக்கிறது, தெரியுமா? தெற்கு இங்கிலாந்துக்கு மேலே வருஷத்துக்கு 400 கோடி வரை பூ ஈக்கள் பறந்து வலசை போய் வருகின்றன என்று ரேடாரை வைத்துக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். அதில் பெரும்பங்கு இதுவும் இதன் கூட்டாளிகளும்.

படத்தை மட்டும் வைத்தே அடித்துச் சொல்லக்கூடியவையும் உண்டு, உனக்கு ஆறுதலாக இருக்கட்டும். இறக்கையின் குறுக்கே காப்பிக் கறை படிந்தாற்போல் அகலமான பழுப்புப் பட்டை தெரிந்தால் டிடியாப்ஸிஸ் ஏக்ரோடா. கண்ணில் புள்ளியோ கோடோ இருந்தால் எரிஸ்டலினஸ், அதற்கு மேல் போக முதுகையும் பார்க்கணும். எரிஸ்டலினஸின் புழு சாக்கடைத் தண்ணீரில் வாலை மூச்சுக்குழலாக மேலே நீட்டிக்கொண்டு வாழும். கண்ணைப் பார்த்து மயங்கும்போது அதையும் நினைத்துக்கொள்.

இனி எடுக்கும்போது ஒரே கோணத்தில் பத்துப் படம் வேண்டாம். மேலிருந்து ஒன்று, இறக்கை விரிந்து முதுகும் வயிறும் தெரியும்படி. பக்கத்திலிருந்து ஒன்று, முகத்தின் வளைவும் காலும் தெரியும்படி. நேர் முகம் ஒன்று. கண்கள் உச்சியில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆண், நடுவே இடைவெளி இருந்தால் பெண். பொடி ஈக்களில் இது முக்கியம், ஏனென்றால் பாதி விளக்கங்கள் ஆணுக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கின்றன. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போ, உடம்பு சூடாகாமல் மந்தமாக உட்கார்ந்திருக்கும். ஈ பறந்துபோன பிறகு அதே பூவை ஸ்கேல் வைத்து இன்னொரு படம் எடுத்துவிடு, அளவு பற்றிய சண்டையே வராது. நிறத்தை ஏற்றி இறக்கி அழகுபடுத்தி அனுப்பாதே, நான் பார்க்கவேண்டிய மயிர் எல்லாம் அதில் மழுங்கிப்போகிறது.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: வளர்த்துப் பார்ப்பது. எங்கள் அவரையில் இப்போது சாறு உறிஞ்சுகிற கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. அவர் வேப்பெண்ணெயைக் கரைத்துக்கொண்டு வந்தார், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கூட்டத்துக்கு நடுவே காலில்லாத, தலை எது வால் எது என்று தெரியாத பச்சைப் புழு நெளிந்துகொண்டிருந்தது. அது பூ ஈயின் புழு. அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சிவிட்டுத் தோலை எறிகிறது. கூடு கட்டுவதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். அந்தக் கொடியை மட்டும் விட்டுவைக்கச் சம்மதித்திருக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.

அந்தப் புழு இலையடியில் சொட்டு வடிவத்தில் கூடாகி ஒட்டிக்கொள்ளும். இலையோடு கத்தரித்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வை. இங்கே ஒரு வாரத்தில் ஈ வெளியே வருகிறது, உன் குளிரில் கூடுதல் நாள் ஆகும். வந்த உடனே எடுக்காதே, வெளிறி இருக்கும். நிறம் ஏறட்டும். பாட்டிலில் நடக்கும்போது மேல், கீழ், பக்கம் என்று எல்லாக் கோணமும் உன் கையில். சில கூட்டிலிருந்து ஈ வராமல், பின்னங்கால் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று வளையம் போட்ட ஒரு சின்னக் குளவி வரலாம். டிப்ளஸான் லேட்டடோரியஸ். ஈ முட்டையாகவோ இளம்புழுவாகவோ இருக்கும்போதே அதற்குள் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகிறவள். குளவி வேஷம் போட்ட ஈயை அசல் குளவியே உள்ளிருந்து தின்றுவிட்டு வருகிறது!

புத்தகம் கேட்டாய். இந்தியப் பூ ஈக்களுக்கு இன்னமும் எல்லோரும் திரும்பிப் போகிற ஒரே பெரிய நூல் 1923-இல் வந்த 'பிரிட்டிஷ் இந்தியாவின் உயிரினங்கள்' வரிசையில் ஈக்களுக்கான மூன்றாம் தொகுதி. எழுதியவர் புருனெட்டி. தொழில் சங்கீதம், ஈ பிடிப்பது ஆசை. கல்கத்தாவில் பல வருஷம் இருந்தார். இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. பேரினப் பெயர்கள் பல மாறிவிட்டன என்பதால் அதில் உள்ள பெயரை நோட்டில் அப்படியே எழுதிவிடாதே. நூறு வருஷத்துப் புத்தகத்தை மாற்று இல்லாமல் இன்னமும் நாம் புரட்டுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நம் கல்லூரிகளில் வருஷத்துக்கு எத்தனை பேர் விலங்கியல் முடித்து வெளியே வருகிறார்கள்!

படங்களுக்கான பட்டியலைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். இனப் பெயர் உள்ளதற்குப் பேனா, பேரினத்தோடு நிற்பதற்குப் பென்சில். "குடும்பம் மட்டும்" என்று போட்டதை நீயாக எதையும் பார்த்து நிரப்பாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

கடைசிப் படத்துக்கு மட்டும் உன் பதில் வேண்டும். புதர் நிழலில், இடுப்பு நூலாக, குளவிக் குஞ்சு மாதிரி மங்கலாக ஒன்று நிற்கிறதே, அல்லோபாக்கா என்ற பூ ஈயாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அது எந்த மாதம், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றது? அதே இடத்தில் மறுபடியும் வருகிறதா என்று இரண்டு மூன்று காலை போய்ப் பார்த்து எழுது. நின்றால் பக்கவாட்டில் எடு, இடுப்பும் இறக்கையும் ஒன்றாக வரவேண்டும்.

அவர் உன்னைக் கேட்டதாகச் சொன்னார். நீ அனுப்பிய டீத்தூள் தீர்ந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

அன்புடன்,
வசந்தா